பில் இல்லாமல் திருடுபோன கேமரா: வரிசை எண்ணை எப்படி எடுப்பது?

சிங்கப்பூரில் உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கதவை உடைத்து கேமரா, லென்ஸ் எல்லாம் போய்விட்டது, பில்லும் பெட்டியும் இல்லை, வரிசை எண் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். மனம் விட்டுவிடாதீர்கள், எண் உங்கள் கணினியிலேயே இருக்கலாம்.

அந்தக் கேமராவில் எடுத்த பழைய ரா கோப்பு (கேமரா பதிவுசெய்த மூலப் படக்கோப்பு) ஒன்றை, படத்துக்குள் பதிந்திருக்கும் விவரங்களைக் காட்டும் எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்து "சீரியல் நம்பர்" வரியைப் பாருங்கள். கேனன், நிக்கான் கேமராக்கள் பெரும்பாலும் அதை எழுதிவைக்கும். பல லென்ஸ்களின் எண்ணும் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் உதவாது, அதில் இந்த விவரமெல்லாம் அழிந்துவிடும். சில சோனி மாடல்களில் எண் கிடைக்காது. அப்படியானால் உத்தரவாதப் பதிவு மின்னஞ்சலையோ பழுதுபார்த்த ரசீதையோ தேடுங்கள்.

போலீசில் புகார் கொடுத்தாயிற்றா? இல்லையென்றால் இன்றே. போலீசார் வந்து பார்க்கும்வரை அலமாரியைத் துடைக்காதீர்கள், கைரேகை போய்விடும். எண் கிடைத்ததும் விசாரணை அதிகாரிக்கு அனுப்புங்கள். மின்தூக்கி, கீழ்த்தளக் கேமராப் பதிவையும் உடனே கேட்கச் சொல்லுங்கள், நாளானால் மேலெழுதப்பட்டுவிடும்.

பழைய பொருள்களை விற்கும் கரோசல் இணையச் சந்தையில் உங்கள் கேமரா தென்பட்டால் திரைப்பிடிப்பு எடுத்து அதிகாரியிடம் கொடுங்கள். வாங்குபவர்போல் நேரில் போகவே வேண்டாம்.

வீவக தீக்காப்புறுதி வீட்டுப் பொருள்களுக்குப் பொருந்தாது. தனியாக வீட்டுப்பொருள் காப்புறுதி இருந்தால், ஒரு பொருளுக்கான உச்சவரம்பையும் தொழில்முறைப் பயன்பாடு விலக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் முதலில் படியுங்கள். கல்யாணப் படமெடுப்பவர்களின் கோரிக்கை பெரும்பாலும் அங்கேதான் சிக்கும்.