சிண்டரெல்லாவை செந்தூலுக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: தேவதைக் கதை மாந்தரை இன்றைய கோலாலம்பூரில் வைத்து எட்டுப் பக்கக் காமிக்ஸ் வரைய ஆசை. எங்கே தொடங்குவது?

பழைய கதையை மறுபடி படிப்பதில் தொடங்குங்கள். நம் நினைவில் இருப்பது பாதிக்கு மேல் சினிமா. 1812-இல் கிரிம் சகோதரர்கள் அச்சிட்ட ஸ்னோ ஒயிட் கதையில் குள்ளர்களுக்குப் பெயரே கிடையாது. அவளை எழுப்ப முத்தமும் கிடையாது. இன்று எல்லாருக்கும் தெரிந்த அந்த ஏழு பெயர்கள் 1937 டிஸ்னி படத்தில் வந்தவை. அவற்றையும் அந்தப் படத்தின் மஞ்சள் பாவாடையையும் எடுத்தால் பதிப்புரிமை வம்பு. மூலக்கதையை யாரும் எடுக்கலாம்.

அடுத்து, கையில் போனைக் கொடுத்து இரட்டைக் கோபுரத்தின் முன் நிறுத்தினால் மட்டும் பழைய பாத்திரம் புதிதாகிவிடாது. கதையின் விதி ஒன்றைப் பிடித்து அதன் போக்கிலேயே இழுக்க வேண்டும். பில் வில்லிங்ஹாம் எழுதி 2002-இல் வெர்டிகோ பதிப்பகம் வெளியிடத் தொடங்கிய ‘ஃபேபிள்ஸ்’ காமிக்ஸ் தொடர் இதற்கு நல்ல பாடம். அதில் தேவதைக் கதை மாந்தர் இன்றைய நியூயார்க்கில் ஒளிந்து வாழ்கிறார்கள். எல்லாக் கதையிலும் ஒரு ராஜகுமாரன் வருகிறானே, அத்தனை பேரும் ஒரே ஆள்தான் என்று வைத்தார்கள். மூன்று முறை மணமுறிவு கண்ட வேஷக்காரன் கிடைத்துவிட்டான்! மனித உருவம் இல்லாதவர்கள் நியூயார்க் நகருக்குள் இருக்கக் கூடாது, பண்ணையில்தான் இருக்க வேண்டும் என்று இன்னொரு விதி. இரண்டாவது தொகுதியின் கலகம் முழுக்க அதிலிருந்து வருகிறது.

சிண்டரெல்லாவில் விதி எது? கண்ணாடிச் செருப்பு என்பார்கள். என் கணக்கில், அழகு இரவல், நேரத்துக்குத் திருப்ப வேண்டும் என்பதுதான். அவளை டோபி கடையில் வேலைக்கு வையுங்கள். வாடிக்கையாளரின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கல்யாண விருந்துக்குப் போகிறாள். விடிவதற்குள் அது கடைக் கொக்கியில் தொங்க வேண்டும். பன்னிரண்டு மணி அடிக்கத் தேவையில்லை, கோலாலம்பூரின் செந்தூல் வட்டாரத்துக்குப் போகும் கடைசி எல்.ஆர்.டி. ரயில் போதும். செருப்புக்கு வருவோம். நம் அடுக்குமாடிகளில் செருப்பெல்லாம் வாசலில்தானே கிடக்கும்? தேடி வருபவன் எந்தக் கதவையும் தட்ட வேண்டாம், நடைபாதையில் குனிந்து பார்த்துக்கொண்டே போகலாம். நாள் முழுக்க நின்று வேலை செய்பவளின் மலிவுச் செருப்பில் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானத்தை ஒரு முழுக் கட்டத்தில், பேச்சே இல்லாமல் காட்டுங்கள். இதில் மந்திரம் வேறு எதற்கு?

பக்கத்துக்கு நான்கு அல்லது ஐந்து கட்டம், பேச்சுப் பலூனுக்குப் பன்னிரண்டு சொல், அதற்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொல் நீளம். ‘வந்துகொண்டிருக்கிறான்’ ஒன்றே பலூனை அடைத்துவிடும். ‘வர்றான்’ என்று எழுதுங்கள். காடி (கார்), சடக்கு (சாலை), தவுக்கே (முதலாளி) போன்ற நம்மூர்ச் சொல்லெல்லாம் தாராளமாக வரட்டும், அடிக்குறிப்பு போடாதீர்கள். கத்துவதைக் காட்ட நமக்குப் பெரிய எழுத்து கிடையாது, தடித்த எழுத்துத்தான். மேலே கொக்கியும் கீழே சுழியும் இடிக்காமலிருக்க வரி இடைவெளியை எழுத்தளவில் 130 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டாம். பழைய போட்டோஷாப்பில் ‘கொ’ உடைந்து கொம்பு இடம் மாறி நின்றால் எழுத்துருவைத் திட்டாதீர்கள். அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’டை இயக்கினால் சரியாகிவிடும்.

அச்சுக்கு இரண்டு ஏ4 தாள் போதும், மடித்தால் எட்டு ஏ5 பக்கம். வெளித்தாளில் ஒரு புறம் 8, 1; மறுபுறம் 2, 7. உள்தாளில் 6, 3. பின்னால் 4, 5. முதலில் வெற்றுத்தாளை மடித்து எண் போட்டுப் பாருங்கள். சாதாரண நகல் இயந்திரம் தாளின் ஓரம் வரை அச்சடிக்காது, அதனால் சுற்றிலும் 5 மில்லிமீட்டர் விட்டே வரையுங்கள். கடைக்காரரிடம் இருபுறமும் அச்சிடும்போது குட்டைப் பக்கமாகப் புரட்டச் சொல்லுங்கள். நீளப் பக்கமாகப் புரட்டினால் தாளின் மறுபுறம் தலைகீழாக வரும்.