புது சைக்கிள் கேரியர்: யாரிடம் கொண்டுபோய் விற்பது?

ஓசூரில் சின்ன வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எல்லா சைக்கிளுக்கும் பொருந்துகிற கேரியர் ஒன்று செய்திருக்கிறேன். முதலில் யாரைப் பிடிப்பது?

"எல்லா சைக்கிளுக்கும்" என்ற வார்த்தையை முதலில் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். பால்காரரும் கீரைக்காரரும் ஓட்டுகிற பழைய மாடல் சைக்கிளில் கேரியர் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களுக்கு உங்கள் பொருள் தேவைப்படாது. கேரியர் இல்லாமல் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் கியர் சைக்கிள்கள்தான். அதிலும் கார்பன் பிரேம், பின்பக்கம் சஸ்பென்ஷன் உள்ளவை இரண்டையும் கழித்துவிடுங்கள். பந்தயத்துக்குப் பழகுகிறவர்கள் கிராம் கணக்கில் எடை குறைப்பவர்கள், அவர்களிடமும் போக வேண்டாம்.

மிச்சம் இருப்பவர்களில், தினமும் சுமை உள்ளவர்தான் உங்கள் ஆள். சிப்காட் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகிறவரைப் பாருங்கள். டிபன் பாக்ஸ், மழைக்கோட்டு, மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் முதுகுப்பையில் திணித்து, வேர்வையில் சட்டை ஒட்ட ஒட்ட மிதிக்கிறார். அவரிடம் கேரியரின் அருமையை விளக்கவே வேண்டியதில்லை. கம்பெனி வாசல் சைக்கிள் ஸ்டாண்டில் அனுமதி கேட்டு ஒரு மாதிரியை மாட்டி வையுங்கள். பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் பிரேமிலேயே கேரியர் மாட்டத் திருகுத் துளை உள்ள சைக்கிள்கள் அங்கே எத்தனை நிற்கின்றன என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் சந்தையின் அளவு அதுதான்.

"நல்ல ஸ்ட்ராங்" என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். எத்தனை கிலோ தாங்கும் என்று போடுவது? (தருமபுரி)

சோதித்துப் பார்த்த எண்ணை மட்டும் போடுங்கள். பிரேமில் நான்கு இடத்தில் போல்ட் போட்டு இறுக்கும் நல்ல கேரியர்களுக்கு 25 கிலோ என்பது வழக்கமான அளவு. சீட் கம்பியை மட்டும் பிடித்து நிற்கும் வகைக்குப் பெரும்பாலும் 10 கிலோ அளவுதான். சைக்கிள் கேரியருக்கென்றே ஐஎஸ்ஓ 11243 என்ற தரநிலை இருக்கிறது, வாங்கிப் படியுங்கள்.

நிற்கிற சைக்கிளில் 25 கிலோ அரிசி மூட்டையை ஏற்றிப் படம் எடுப்பதில் பயனில்லை. அதே மூட்டையோடு பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் வரை போய்வரச் சொல்லுங்கள். வேகத்தடையில் குதிக்கும்போது சுமை பல மடங்காக இறங்கும். போய்வந்ததும் அச்சுக்குப் பக்கத்திலுள்ள கீழ் போல்ட்டைத் தொட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் முதலில் தளரும். அப்புறம் வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். வெடித்திருந்தால் அந்த டிசைன் கடைக்குப் போகக் கூடாது.

நம் ஊரில் கேரியர் என்றால் பிள்ளையை உட்கார வைப்பார்கள். உங்களுடையது அதற்காகச் செய்ததல்ல என்றால், "ஆள் உட்காரக் கூடாது" என்று கேரியரின் மேல்பலகையிலேயே பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். விற்பனை குறைந்தாலும் பரவாயில்லை.

சனி, ஞாயிறில் பெங்களூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் கூட்டமாக சைக்கிளில் வருகிறார்கள். அவர்கள் வாங்குவார்களா?

சிலர் வாங்குவார்கள். பெங்களூரிலிருந்து ஓசூர் சுமார் 40 கிலோமீட்டர்தான். காலையில் வந்து மதியம் திரும்புகிறவருக்குத் தண்ணீர் பாட்டிலும் பஞ்சர் கிட்டும் போதும். 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் பிரெவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்டுகிறவர்களும் சீட்டுக்கு அடியில் சின்னப் பையோடு முடித்துக்கொள்வார்கள். இரவு தங்கிப் போகிறவரைத் தேடுங்கள். டீக்கடையில் நிற்கும்போது பேச்சுக் கொடுத்தால் தெரிந்துவிடும். அவரிடம் ஒரு கேரியரை இரவல் கொடுத்து, குறையை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் முதல் குறை, மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறது என்பதாக இருக்கும். பை மாட்டும் கம்பியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் சரியாகும்.

விலையைக் குறைத்து வைக்கலாமா? (கிருஷ்ணகிரி)

வேண்டாம். அதற்குப் பதில் சைக்கிள் கடைக்காரருக்குக் கேரியரை மாட்டும் கூலியும் சேர்த்துக் கொடுங்கள். அவர் கையால் மாட்டிக் கொடுத்தால் பொருத்தம் பற்றிய சண்டை வராது.

வீடியோ விளம்பரத்துக்கு என்ன எடுப்பது? (பாலக்கோடு)

பெட்டியைப் பிரிப்பதிலிருந்து கடைசி போல்ட் வரை, வெட்டாமல் ஒரே ஷாட். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் எடுங்கள், எல்லாரும் சந்தேகப்படுவது அங்கேதான். தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. எந்தெந்த மாடலுக்குப் பொருந்தாது என்ற பட்டியலையும் அதன் கீழேயே போட்டுவிடுங்கள்.