அந்த ஷூ யாருது?

அன்புள்ள ஐயா,

எங்கள் தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்தவர். 1964இல் குடும்பத்தோடு ஊர் திரும்பினார். வீட்டில் இருக்கும் பழைய படங்களை, சொந்தக்காரர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கில் போட்டு வருகிறேன், சிலதை ஸ்டோரியாகவும். எல்லோரும் இதயக்குறி போடுகிறார்கள், ஒருவரும் ஒரு வரி எழுதுவதில்லை. பேசாமல் ஃபேஸ்புக்குக்கு மாறிவிடலாமா?

ர., காரைக்குடி

அன்புள்ள ர.,

எந்த ஆப் என்பதை விடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதில் காலை வணக்கம் அனுப்புகிறார்களோ அதில் போடுங்கள். ஆனால் 24 மணி நேரத்தில் மறைந்துபோகிற ஸ்டோரியிலா தாத்தாவைப் போடுவது?

நீங்கள் அனுப்பிய படத்தை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கீழே 'எங்கள் தாத்தா, ரங்கூன்' என்று நீங்களே எழுதி ஒரு கும்பிடும் போட்டுவிட்டீர்கள். அப்புறம் மற்றவர்கள் என்னத்தைச் சொல்ல? கல்வெட்டு வைத்தால் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு ரங்கூன் படம் உண்டு. தாத்தா கோட்டு போட்டு நாற்காலியில், பக்கத்தில் அப்பத்தா. நாற்பது வருடம் கூடத்தில் தொங்கியது, யாரும் ஒன்றும் கேட்டதில்லை. போன வருடம் தம்பி மகள் அதை போனில் எடுத்து, தாத்தாவின் காலை மட்டும் வெட்டி, குடும்பக் குழுவில் போட்டாள்: 'இந்த ஷூ யாருது?'

பத்தே நிமிடம். சின்ன அத்தையிடமிருந்து குரல் பதிவு. ஷூ ஸ்டூடியோக்காரனுடையதாம், பெரிசாக இருந்ததால் முனையில் துணி திணித்துப் போட்டுக்கொண்டாராம். 'உனக்கு எப்படித் தெரியும்?' என்றால், 'நானும் அங்கேதானே இருந்தேன், அழுதேன்னு வெளியே உட்கார வச்சிட்டாங்க.' படத்தில் இல்லாத அத்தை அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள், எங்களுக்குத் தெரியாது! பெரியப்பா மகனுக்குக் கோபம், ஷூ சொந்த ஷூதான் என்று. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறோம், தீர்ப்பு சொல்ல நாம் யார்.

ஷூவில் தொடங்கிய பேச்சு 1964 மே மாதத்துக்குப் போனது. பர்மாவில் நே வின்னின் ராணுவ அரசு ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்த மாதம். தாத்தாவின் பெட்டியில் இருந்ததெல்லாம் நூறுதானாம். கப்பல் ஏறுமுன் அத்தையின் தோட்டையும் அதிகாரிகள் கழற்றி வாங்கிவிட்டார்கள், பன்னிரண்டு வயது. காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க அப்பத்தா வேப்பங்குச்சி செருகிவிட்டிருக்கிறாள், அந்தக் குச்சியோடுதான் மெட்ராஸில் இறங்கினாளாம். படத்தை மட்டும் யாரும் தொடவில்லை, அதற்கு விலை இல்லையே.

முகத்தைக் காட்டினால் பெயர்தான் வரும், அதுவும் நீங்கள் எழுதாமல் இருந்தால். செருப்பு, கடிகாரம், திரைச்சீலை, பின்பக்க முத்திரை என்று ஒவ்வொன்றாக வெட்டிப் போட்டுக் கேளுங்கள். தெரிந்ததையும் தெரியாத மாதிரி கேளுங்கள். பதில் வந்ததும் லைக் போட்டுவிட்டு ஓடாமல் போனை எடுத்துக் கூப்பிடுங்கள், தட்டச்சு செய்யத் தெரியாதவர்களிடம்தான் கதை இருக்கிறது.

உங்கள் படத்தில் நாற்காலியில் ஒரு குடை சாய்ந்திருக்கிறதே, பர்மாவில் பசீன் ஊர்ப்பக்கம் செய்கிற துணிக்குடை மாதிரி தெரிகிறது. கடைக்காரர் படம் எடுக்க எதற்குப் பெண்பிள்ளைக் குடையோடு போனார்? முதலில் அதை வெட்டிப் போடுங்கள். யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.