மகளுக்கு மாதவிடாய் 50, 60 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. என்ன காரணம்?

மகளுக்கு 14 வயது, வயதுக்கு வந்து 2 வருடம், ஸ்கேனில் 'பிசிஓடி' (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, பிசிஓஎஸ் என்றும் சொல்வார்கள்) என்று வந்திருக்கிறது என்கிறீர்கள். வயதை விடுங்கள், வயதுக்கு வந்த நாளிலிருந்து எண்ணுங்கள். முதல் வருடம் முறை தவறுவது இயல்பு, மாதாமாதம் கருமுட்டை வெளிவராது. அடுத்த 2 வருடங்களில் 21 முதல் 45 நாள், அதன்பின் 21 முதல் 35 நாள் இருக்க வேண்டும். முதல் வருடம் தாண்டிய பிறகு ஒரே ஒரு முறை 90 நாள் கடந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். உங்கள் மகளுக்கு 45 தாண்டுகிறது, அதனால் பரிசோதனை தேவை.

ஆனால் அந்த ஸ்கேனை வைத்து பயப்படாதீர்கள். இந்த வயதில் சினைப்பையில் சிறு நுண்பைகள் நிறைய தெரிவது சகஜம். வளரிளம் பருவத்தில் ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு செய்யக்கூடாது என்கிறது 2023 சர்வதேச வழிகாட்டுதல். பிசிஓஎஸ் என்று சொல்ல, முறை தவறுவதோடு தாடையில் முரட்டு முடி, கடும் முகப்பரு அல்லது ரத்தத்தில் கூடுதல் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) இருக்க வேண்டும்.

அதிக எடை முக்கியமான காரணம். இன்சுலின் கூடி, சினைப்பையை ஆண் ஹார்மோன் சுரக்கத் தூண்டும். பின்கழுத்தில் படியும் கருமை அதன் அடையாளம், தேய்த்துக் குளித்தால் போகாது. குறைந்த எடையை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. காலை சாப்பிடாமல் டியூஷன், டயட், கடும் விளையாட்டுப் பயிற்சி, தேர்வு பயம், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்தால் மூளையே சினைப்பைக்கான சமிக்ஞையைக் குறைத்துவிடும். இது நீண்டால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு பலவீனமாகும். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) கோளாறுகளும், வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநல மருந்தான ரிஸ்பெரிடோன் போன்றவையும் காரணமாகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

'ரத்தம் கம்மி, அதான் வரலை' என்பார்கள். பெரும்பாலும் அது தலைகீழ்: அதிகம் போவதால்தான் ரத்தம் குறைகிறது.

ரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை), புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன், ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் கேட்கலாம். அது வழக்கமான முதல் படி, மகளைச் சந்தேகிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போகும்போது ஒவ்வொரு முறையும் தொடங்கிய தேதி, எத்தனை நாள் போனது, தினம் எத்தனை நாப்கின் என்று எழுதிக்கொண்டு போங்கள். மெடிக்கலில் கேட்டு ஹார்மோன் மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். நிறுத்தியதும் ரத்தப்போக்கு வரும், காரணம் அப்படியே மறைந்து கிடக்கும்.

ஒரு நாப்கின் 1, 2 மணி நேரத்தில் நனைந்தாலோ, தலைசுற்றினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முதல் மாதவிடாயிலிருந்தே அப்படியென்றால் ரத்தம் உறைவதில் பரம்பரைக் குறை உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்.