அசதயோபிரின் யாருக்கு ஒத்துக்கொள்ளாது? குடல் அழற்சி நோயாளிகளுக்கான கேள்வி பதில்

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய்களுக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதயோபிரின் போன்ற மருந்து எடுக்கும் காரைக்குடி வட்டாரத்து நோயாளிகளும் வீட்டாரும் கேட்டவை இவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். மாத்திரை அளவை முடிவு செய்வது உங்கள் குடல் மருத்துவர்தான். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

காரைக்குடி: சார், தங்கச்சிக்கு 22 வயது. அசதயோபிரின் 50 மி.கி. தொடங்கி மூணாவது வாரம். சீப்பு வைத்தாலே முடி கொத்துக்கொத்தாக வருகிறது. எண்ணெயை மாற்றிப் பார்க்கலாமா?

எண்ணெயை விடுங்கள் தம்பி. இன்றைக்கே ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கையை, அதாவது சி.பி.சி. எடுங்கள். மருத்துவரிடம் பேசும்வரை அடுத்த மாத்திரை வேண்டாம். இந்த மருந்தில் முதல் மாதத்திலேயே முடி இப்படிக் கொட்டினால், என்.யு.டி.டி.15 என்ற மரபணுவின் இரண்டு பிரதியும் மாறியவராக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். முடியின் வேரும், ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் வேகமாகப் பிரியும் செல்களால் ஆனவை. அதனால் மருந்து நச்சானால் இரண்டும் சேர்ந்தே அடிபடும்.

ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளையணுவை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். மொத்தம் 3,200, அதில் நியூட்ரோஃபில் என்ற வகை 40 சதவீதம் என்றிருந்தால், கிருமியோடு சண்டை போட இருப்பது 1,280தான். இந்த நியூட்ரோஃபில் எண்ணிக்கை 1,500க்குக் கீழே போனால் பொதுவாக மருந்தை நிறுத்திவிடுவார்கள். 1,000க்குக் கீழே, கூடவே 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கும் விஷயமில்லை.

தேவகோட்டை: டி.பி.எம்.டி. டெஸ்ட் எடுத்தோம், நார்மல். இனி பயமில்லைதானே?

பாதிக் கதவைத்தான் பூட்டியிருக்கிறீர்கள். அசதயோபிரின் உடம்புக்குள் 6-மெர்காப்டோபியூரினாகி, கடைசியில் தயோகுவானின் நியூக்ளியோடைடாக மாறி, செல்லின் டி.என்.ஏ.வுக்குள் புகுந்துகொள்கிறது. நோயை அடக்குவதும் அதுதான், மிஞ்சினால் மஜ்ஜையைக் கெடுப்பதும் அதுதான். டி.பி.எம்.டி. நொதி மருந்தில் ஒரு பங்கை முன்னதாகவே வேறு வழிக்குத் திருப்பிவிடும். என்.யு.டி.டி.15 கடைசிக் கட்டத்தில், டி.என்.ஏ.வுக்குள் நுழையத் தயாராக நிற்கும் வடிவத்தை உடைத்துப்போடும்.

ஐரோப்பியர்களிடம் டி.பி.எம்.டி. குறைபாடுதான் அதிகம், பழைய பாடநூல்களும் அதையே சொல்லும். ஆனால் கொரியாவின் குரோன்ஸ் நோயாளிகளை ஆராய்ந்தபோது, டி.பி.எம்.டி. நார்மலாக இருந்தும் வெள்ளையணு சரிந்தவர்களிடம் என்.யு.டி.டி.15 மாற்றம் இருப்பது 2014இல் தெரியவந்தது. நம் நாட்டிலும் இந்த மாற்றமே கூடுதல். இரண்டில் ஒன்றுதான் எடுக்க வசதி என்றால் நம்மூர்க்காரர்களுக்கு என்.யு.டி.டி.15ஐத்தான் சொல்வேன். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தும் இதைப் பிடிக்க முடியாது. அந்த அளவு சாதாரணமாக இருக்கும்போதே இவர்களுக்கு வெள்ளையணு விழுந்துவிடும்.

பள்ளத்தூர்: ரிப்போர்ட்டில் ‘415 சி/டி’ என்று போட்டிருக்கிறது. எடை 60 கிலோ. மருந்தே கூடாதா?

கூடும், அளவு குறைய வேண்டும். என்.யு.டி.டி.15 மரபணுவின் 415ஆம் இடத்தில் ‘சி’ என்ற எழுத்து இருக்க வேண்டும். சி/சி என்றால் இரண்டு பிரதியும் சரி. சி/டி என்றால் ஒன்று மாறியிருக்கிறது. டி/டி என்றால் இரண்டுமே.

கிலோவுக்கு 2 மி.கி. கணக்கில் உங்கள் எடைக்கு வழக்கமான அளவு 120 மி.கி. சி/டிக்காரர்களுக்கு இதில் 30 முதல் 80 சதவீதத்துக்குள், அதாவது 36 முதல் 96 மி.கி.க்குள் தொடங்கச் சொல்கிறது சர்வதேச மருந்து-மரபணு வழிகாட்டுதல். நடைமுறையில் 50 மி.கி. மாத்திரை ஒன்று. ஒவ்வொரு முறை அளவை மாற்றிய பிறகும் 2 முதல் 4 வாரம் பொறுத்து, எண்ணிக்கை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். டி/டி என்றால், குடல் நோய்க்கு இந்த மருந்தே வேண்டாம். நோயைப் பொறுத்து மெத்தோட்ரெக்சேட், வெடோலிசுமாப் என்று வேறு வழிகள் இருக்கின்றன.

சி/சி வந்தவர்கள் சி.பி.சி.யைக் கைவிட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. மரபணு சரியாக இருந்தும் வெள்ளையணு குறையலாம். முதல் மாதம் வாரம் ஒருமுறை, அடுத்த இரண்டு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுங்கள். மருந்து தொடரும்வரை இதுவும் தொடரும்.

கானாடுகாத்தான்: எங்கள் வீட்டில் சொந்தத்துக்குள்ளேயே கட்டுவது வழக்கம். அதனால் ஆபத்து கூடுமா?

கூடும், ஆனால் பதறும் அளவுக்கு இல்லை. ஒரு பேச்சுக்கு, ஊரில் இருக்கும் பிரதிகளில் நூற்றுக்குப் பத்து மாறியவை என்று வைத்துக்கொள்வோம். சொந்தமில்லாத பெற்றோரின் பிள்ளை டி/டியாகப் பிறக்க வாய்ப்பு நூற்றுக்கு 1. அத்தை மகன், மாமன் மகள் கட்டிக்கொண்டால் ஏறக்குறைய 1.6. தாய்மாமனைக் கட்டினால் 2.1. வீட்டில் ஒருவருக்கு டி/டி வந்துவிட்டால் கணக்கே வேறு: கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் குறைந்தது நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அவர்களில் யாருக்காவது மூட்டுவாதத்துக்கோ தோல் நோய்க்கோ இதே மருந்தை எழுதினால், முதலில் இதைச் சொல்லுங்கள்.

திருப்பத்தூர்: ரத்தம் வெளியூர் லேப்புக்குப் போகிறது. ரிசல்ட் வரும்வரை நோய் முற்றிவிடாதா?

அசதயோபிரின் வேலைசெய்யத் தொடங்கவே இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதுவரை குடலைப் பிடித்துவைப்பது ஸ்டீராய்டுதான். ஆக, ரிசல்ட்டுக்குச் சில நாள் காத்திருப்பதில் நஷ்டமில்லை. ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ. குழாயில் இரண்டு, மூன்று மில்லி ரத்தம் போதும், வெறும் வயிறு தேவையில்லை. டி.பி.எம்.டி.யை மரபணுவாகப் பார்க்காமல் நொதியின் வேகமாக அளக்கிற லேப் என்றால், சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருப்பதைச் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் ரத்தத்தின் நொதி சேர்ந்து பொய்யாக நார்மல் காட்டும்.

கோட்டையூர்: வீட்டுக்காரர் யூரிக் ஆசிட் மாத்திரையும் போடுகிறார். சேர்த்துப் போடலாமா?

மாத்திரையின் பெயரைப் பாருங்கள் ஆச்சி. அலோபியூரினால் என்றால், அசதயோபிரினை உடைக்கும் இன்னொரு நொதியை அது முடக்கிவிடும். மரபணு நல்லபடியாக இருந்தாலும் மஜ்ஜை படுத்துவிடும். தெரிந்தே சேர்த்துக் கொடுக்கும் நிபுணர்கள் அசதயோபிரினை நான்கில் அல்லது மூன்றில் ஒரு பங்காக வெட்டிவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஃபெபுக்சோஸ்டாட்டும் அதே நொதியைத்தான் தடுக்கிறது, அதையும் தவிர்க்க வேண்டும். இதை இரண்டு டாக்டர்களும் ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதிவிடுவதுதான் வழக்கமான கோளாறு. இரண்டு சீட்டையும் ஒன்றாகக் கொண்டுபோங்கள்.

புதுவயல்: என்.யு.டி.டி.15 சி/சி. ஆனாலும் மூன்றாவது வாரம் மேல்வயிற்றில் வலி, முதுகுவரை இழுக்கிறது, வாந்தி.

கணைய அழற்சியாக இருக்கலாம். ரத்தத்தில் லிபேஸ் என்ற கணைய நொதியைப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண உச்ச அளவைப்போல மூன்று மடங்கு தாண்டினால் அதுதான். இதற்கும் என்.யு.டி.டி.15க்கும் சம்பந்தமில்லை. நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. மரபணுக்களில் ஒரு வகை இதற்குக் காரணம் என்று 2014இல் கண்டார்கள். அதில் ஒரு பிரதி உள்ளவர்களில் சுமார் 9 சதவீதத்தினருக்கும், இரண்டு பிரதி உள்ளவர்களில் 17 சதவீதத்தினருக்கும் கணையம் பாதிக்கிறது. முன்கூட்டியே எல்லோருக்கும் இந்த டெஸ்ட் தேவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒருமுறை வந்துவிட்டால் மருந்தை மறுபடி தொட்டுப் பார்க்கக் கூடாது, 6-மெர்காப்டோபியூரினும் கூடாது. வலியில்லாமல் வெறும் குமட்டல் மட்டும் என்றால் சாப்பிட்ட பிறகு, இரண்டு வேளையாகப் பிரித்துப் போட்டாலே பலருக்கு அடங்கிவிடும்.

அதே ஊர்: குடலுக்குக் கொடுக்கும் மெசாலமின் மருந்துக்கும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசிக்கும் மரபணு டெஸ்ட் உண்டா?

மெசாலமினுக்கு வேண்டாம். அபூர்வமாகச் சிறுநீரகம் கெடும், அதற்குக் கிரியேட்டினினைத் தொடங்குமுன், மூன்றாம் மாதம், பிறகு வருஷத்துக்கொருமுறை பார்த்தால் போதும். இன்ஃப்ளிக்சிமாப்பில் எச்.எல்.ஏ.-டி.க்யூ.ஏ.1*05 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு மருந்துக்கு எதிரான ஆன்டிபாடி உருவாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. அதற்காக ஊசியை மறுக்க வேண்டாம். கூடவே அசதயோபிரின் போன்ற ஒன்றைச் சேர்த்தால் அந்த ஆன்டிபாடி குறையும். அப்படிச் சேர்க்கும்போது மறுபடி என்.யு.டி.டி.15 கேள்வி வந்து நிற்கும்.

செட்டிநாட்டிலிருந்து சிங்கப்பூர் போகும் மகனுக்காக ஒரு தாய்: அங்கே போய் மறுபடி எடுக்க வேண்டுமா?

வேண்டாம் அம்மா, இந்த மரபணு ஆயுசுக்கும் மாறாது. ரிப்போர்ட்டின் அசலை அவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சி/டியா, டி/டியா என்பதை மருந்துச் சீட்டின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். கடைசியாக எடுத்த சி.பி.சி.யும் கூடப் போகட்டும், அங்குள்ள டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.