கேளுங்கள், சொல்கிறேன்: சட்டைப் பைக்கு எந்த டார்ச்?

சின்ன டார்ச் பற்றி வந்த கேள்விகளில் அதிகம் பேர் கேட்டவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டேன். நான் வயரிங் வேலை பார்ப்பவன். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயும் ஸ்விட்ச்போர்டு பெட்டிக்குள்ளேயும் எட்டிப் பார்க்காத நாள் எனக்குக் கிடையாது. டார்ச் சட்டைப் பையிலேயே இருக்கும். அதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: தினமும் கூடவே வைத்துக்கொள்ள ஒரு சின்ன டார்ச் வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. ஒரு விரல் நீள டார்ச்சின் பெட்டியில் 10,000 லூமென் என்று போட்டிருக்கிறது. கிட்டத்தட்ட அதே விலையில் இன்னொன்றில் 150 லூமென்தான். முதலாவதை வாங்குவதுதானே லாபம்?

150 லூமென் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். (லூமென் என்பது டார்ச்சிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு.) ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நல்ல எல்இடி ஒன்று, உள்ளே இருக்கும் சர்க்யூட்டின் இழப்பையும் சேர்த்து, ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 100 லூமென் வெளிச்சம் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடலாம், குறையலாம். அப்படியானால் 10,000 லூமெனுக்குச் சுமார் 100 வாட் வேண்டும். ரீசார்ஜ் செய்யக்கூடிய ஒரு பென்சில் செல்லில், அதாவது டபுள் ஏ செல்லில், 1.2 வோல்ட்டில் 2,000 எம்ஏஎச், அதாவது 2 ஆம்பியர்-மணி இருக்கிறது. பெருக்கினால் 2.4 வாட்-மணி, அதாவது 2.4 வாட்டை ஒரு மணி நேரம் தரும் சக்தி. இதிலிருந்து 100 வாட் இழுத்தால் கணக்குப்படி ஒன்றரை நிமிடம்கூட வராது. அதற்கு 80 ஆம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டும், அந்தச் செல்லால் அது நடக்காத காரியம். அப்படியே நடந்தாலும் டார்ச்சைக் கையில் பிடிக்க முடியாது, சூடு அப்படி இருக்கும். ஆக அந்தப் பெட்டியில் இருப்பது வெறும் எண். அவ்வளவு பெரிய பொய்யைப் பெட்டியில் அச்சடிக்கிறவர்கள் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் ஸ்விட்சையும் ஒழுங்காகப் போட்டிருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

150 லூமென் என்று எழுதுகிறவர் பெரும்பாலும் அளந்து பார்த்து எழுதுகிறார். பெட்டியில் ‘ஆன்சி எஃப்எல்1’ என்று ஒரு குறி இருக்கிறதா பாருங்கள். 2009-இல் வந்த அளவுமுறை அது. அதன்படி டார்ச்சைப் போட்டவுடனே அளக்கக் கூடாது. போட்ட 30 விநாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் அளக்க வேண்டும். போட்டதும் ஒரு கணம் பளீரென்று எரிந்துவிட்டு மங்குகிற டார்ச்சுகள் இதில் மாட்டிக்கொள்ளும். எரியும் நேரத்துக்கும் விதி உண்டு. ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரத்தைத்தான் சொல்ல வேண்டும். அதனால் ‘5 மணி நேரம்’ என்று போட்டிருந்தால் ஐந்து மணி நேரமும் ஒரே வெளிச்சம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைசி நேரத்தில் நன்றாக மங்கியிருக்கும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். லூமென் இரண்டு மடங்கானால் கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரியாது. ‘இது அதைவிட இரண்டு மடங்கு வெளிச்சம்’ என்று உங்களுக்குத் தோன்ற, சுமார் நான்கு மடங்கு லூமென் வேண்டும். 150-க்கும் 200-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். அந்த 50 லூமெனுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? நான் முதலில் பார்ப்பது மிகக் குறைந்த வெளிச்சம் எவ்வளவு என்பதை. இதை யாரும் கேட்பதில்லை, எனக்கு அதில் வருத்தம்தான். சாவித் துவாரம், பையின் அடியில் கிடக்கும் மாத்திரை அட்டை, கட்டிலுக்கு அடியில் உருண்ட திருகு, தூங்குகிறவரை எழுப்பாமல் குளியலறைக்குப் போவது... தினசரி வாழ்க்கையில் டார்ச்சை எடுக்கும் நேரங்கள் இவைதான். எல்லாமே கைக்கு எட்டும் தூரம். இதற்கு 1 லூமெனிலிருந்து 20 லூமென் வரை போதும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகிறது. நடுராத்திரியில் 150 லூமெனை முகத்துக்கு எதிரே உள்ள வெள்ளைச் சுவரில் அடித்தால் அந்தப் பழக்கம் ஒரே நொடியில் போய்விடும், டார்ச்சை அணைத்த பிறகு எதுவும் தெரியாது.

அதனால் குறைந்தது மூன்று அளவு வெளிச்சம் இருக்கட்டும்: 1, 2 லூமெனில் ஒன்று, 15, 20-இல் ஒன்று, 100-க்கு மேல் ஒன்று. போட்டவுடன் குறைந்த வெளிச்சத்தில் தொடங்கி மேலே போகும் டார்ச்சாக இருந்தால் இன்னும் நல்லது. மேலே சொன்ன 2.4 வாட்-மணியை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். 100 லூமெனில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும் செல், 10 லூமெனில் இருபது மணி நேரம் வரை வரும். மின்சாரம் போன இரவில் டார்ச்சைத் தலைகீழாக நிறுத்தி வெள்ளைக் கூரையைப் பார்க்க 20 லூமெனில் விட்டால் ஒரு சின்ன அறையில் சாப்பிடலாம், பேசிக்கொண்டிருக்கலாம். பின்பக்கம் தட்டையாக, நிற்கிற மாதிரி இருக்கிறதா என்பதையும் இதற்காகவே பாருங்கள்.

படபடவென்று மின்னும் மோடுகள் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தைக் குறைக்க அந்த மின்னலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் அந்த டார்ச்சைக் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: உள்ளேயே பேட்டரி வைத்து யுஎஸ்பியில் சார்ஜ் செய்வது நல்லதா, செல் மாற்றும் டார்ச் நல்லதா?

சார்ஜ் போடும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்று யோசியுங்கள். ஃபோனைப் போடும்போதே டார்ச்சையும் போட்டுவிடுவேன் என்றால் உள்ளே பேட்டரி இருப்பது வசதிதான், எடையும் குறைவு. ஆனால் லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஆன பிறகு வலுவிழக்கும், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கிடந்தால் இன்னும் சீக்கிரம். பேட்டரியைக் கழற்ற முடியாத டார்ச் என்றால் அதோடு டார்ச்சும் போயிற்று. எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. எல்இடி இன்னும் பல ஆண்டுகள் எரியும், உடம்பு அலுமினியம், ஒன்றும் கெடவில்லை, அதைக் குப்பையில் போடுவதா?

முதல் டார்ச் வாங்குகிறவருக்கு நான் சொல்வது ஒரே ஒரு டபுள் ஏ செல் போடும் டார்ச். கை விரலைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். செல் எங்கும் கிடைக்கும். ரீசார்ஜ் செய்யும் என்ஐஎம்எச் செல் இரண்டு வாங்கி, ஒன்றை டார்ச்சிலும் ஒன்றைப் பையிலும் வையுங்கள். சும்மா வைத்தால் சார்ஜ் இறங்காத வகை என்று பார்த்து வாங்குங்கள், பழைய வகை சும்மா கிடந்தாலே சில மாதத்தில் காலியாகிவிடும். இன்னும் சின்னதாக, சாவிக்கொத்தில் மாட்ட வேண்டும் என்றால் ட்ரிபிள் ஏ. அதில் இருக்கும் சக்தி டபுள் ஏ-யில் பாதிக்கும் குறைவு என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

18650 என்று ஒரு லித்தியம் செல் உண்டு. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், பெயரே அளவுதான். டபுள் ஏ-யைப் போல நான்கைந்து மடங்கு சக்தி. இரவுக் காவல், நீண்ட நடை என்று போகிறவர்களுக்கு அது சரி, சட்டைப் பையில் கனக்கும். அந்தச் செல்லில் 9,900 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். நல்ல 18650-களில் பெரும்பாலும் 3,500 எம்ஏஎச் பக்கம்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 14500 என்ற லித்தியம் செல் பார்க்க அச்சு அசல் டபுள் ஏ மாதிரியே இருக்கும், ஆனால் முழு சார்ஜில் 4.2 வோல்ட். 1.5 வோல்ட்டுக்குச் செய்த டார்ச்சில் அதைப் போட்டால் சர்க்யூட் கருகிவிடும். டார்ச்சின் கையேட்டில் அந்தச் செல்லின் பெயர் இருந்தால் மட்டும் போடுங்கள்.

யுஎஸ்பி டார்ச்தான் வேண்டும் என்றால், வாங்கும்போதே உங்கள் ஃபோன் சார்ஜரின் ஒயரைச் செருகிப் பாருங்கள். விலை குறைந்த சிலவற்றில் டைப்-சி துளை இருக்கும், ஆனால் இரு முனையிலும் டைப்-சி உள்ள ஒயரைப் போட்டால் சார்ஜ் ஏறாது. உள்ளே இருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள். பழைய தட்டை முனை ஒயரில் மட்டும் ஏறும்.

கேள்வி: அலமாரியில் வைத்திருந்த டார்ச்சுக்குள் செல் ஒழுகி வெள்ளையாகப் பூத்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம், முதலில் சுத்தம் செய்து பாருங்கள். ஆல்கலைன் செல்லிலிருந்து ஒழுகுவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் பட விடாதீர்கள். பஞ்சு சுற்றிய குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ லேசாக நனைத்துத் தேயுங்கள். நுரை வந்து அடங்கும். பிறகு ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். ஸ்பிரிங் பச்சையாகி அரித்துப்போயிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பு வரும் வரை உரசுங்கள்.

செல் உள்ளேயே ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தால் சுத்தியலால் தட்டிப் பிரயோசனமில்லை, அந்த டார்ச் முடிந்தது. எப்போதாவது எடுக்கும் டார்ச்சில் ஆல்கலைன் செல்லை விட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: நான் இரவுப் பணி செவிலியர். ஃபோன் டார்ச்சில் எல்லாமே வெளிறித் தெரிகிறது. காயத்தின் சிவப்பு சரியாகத் தெரியும் சின்ன டார்ச் உண்டா?

உண்டு அம்மா. இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு நன்றி, என் வேலையிலும் இதுதான் தலைவலி. மட்டமான டார்ச் வெளிச்சத்தில் சிவப்பு ஒயரும் பழுப்பு ஒயரும் ஒன்று போலத் தெரியும். எந்த நிறம் எங்கே போகிறது என்று தெரியாமல் ஸ்விட்ச்போர்டுக்குள் கை வைக்க முடியுமா?

வெள்ளை எல்இடி உண்மையில் நீல எல்இடிதான். அதன் மேல் ஒரு பாஸ்பர் பூச்சு. நீலத்தின் ஒரு பகுதியை அது மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. மலிவான பூச்சில் சிவப்பு மிகக் குறைவு. வெளிச்சத்தில் சிவப்பே இல்லாவிட்டால் காயத்தின் சிவப்பு எப்படித் திரும்பி வரும்? பெட்டியில் ‘சிஆர்ஐ’ என்ற எண்ணைப் பாருங்கள், நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்குப் போடும் மதிப்பெண் அது. சாதாரண டார்ச்சில் 70 அளவில் இருக்கும். உங்களுக்கு 90-க்கு மேல் வேண்டும். ‘ஆர்9’ என்று தனியாக ஒரு எண் கொடுத்திருந்தால் அது ஆழ்ந்த சிவப்புக்கான மதிப்பெண், அது கூடுதலாக இருப்பதாகப் பாருங்கள். நிறச்சாயல் 4,000-இலிருந்து 5,000 கெல்வின் இருக்கட்டும். 6,500 கெல்வின் என்றால் நீலம் பாய்ந்த வெள்ளை.

கடையில் சோதிக்க எளிய வழி, உங்கள் உள்ளங்கைதான். டார்ச்சை அதன் மேல் அடித்துப் பாருங்கள். நல்ல டார்ச்சில் விரல் நுனியின் சிவப்பும் ரேகைகளும் பகலில் பார்ப்பது போல இருக்கும், மட்டமானதில் கை சாம்பல் பூசியது போலத் தெரியும். அப்படியே விரல்களை வேகமாக ஆட்டுங்கள். விரல் நிழல் தனித்தனியாக, வெட்டி வெட்டித் தெரிந்தால் அந்த டார்ச் வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது. நீண்ட நேரம் அதில் பார்த்தால் கண் வலிக்கும், வேண்டாம்.

சிஆர்ஐ கூடினால் லூமென் கொஞ்சம் குறையும். உங்கள் வேலைக்கு அது ஒரு குறையே இல்லை. கண்மணியைப் பார்க்கவும் அதே டார்ச் என்றால் மிகக் குறைந்த வெளிச்சத்தில் மட்டும் பயன்படுத்துங்கள், 100 லூமெனைக் கண்ணில் அடிக்கவே கூடாது.

கேள்வி: முன்பக்கத்தை இழுத்தால் வெளிச்சம் குவியும் ஜூம் டார்ச் வாங்கலாமா? 100 மீட்டர் அடிக்கும் என்கிறார்கள்.

கையில் வைத்து விளையாட ஆசையாக இருக்கும், ஆனால் தினசரி உபயோகத்துக்கு நான் சொல்ல மாட்டேன். இழுத்துத் தள்ளும் இடம் வழியாகத் தண்ணீரும் தூசியும் உள்ளே போகும். குவிக்கும்போது பாதி வெளிச்சம் உள்ளேயே வீணாகும். நடந்து போகும்போது காலடியும் தெரிய வேண்டும், முன்னால் உள்ள வழியும் தெரிய வேண்டும். ஜூமில் ஒன்றுதான் கிடைக்கும். அசையாத முகப்புள்ள டார்ச்சில் நடுவில் ஒரு பிரகாசம், சுற்றிலும் மெல்லிய ஒளி என்று இரண்டும் சேர்ந்தே வரும்.

100 மீட்டர் என்பதற்கு அர்த்தம், அந்தத் தூரத்தில் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸ், அதாவது முழு நிலவின் வெளிச்சம் அளவு. அங்கே ஒருவர் நிற்கிறார் என்று தெரியலாம், யார் என்று தெரியாது. எழுதியிருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் உங்களுக்குப் பயன்படும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பைக்குள் டார்ச் தானாக எரிந்து சூடாகிவிட்டது. என்ன செய்வது?

பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வையுங்கள். பெரும்பாலான அலுமினிய டார்ச்சுகளில் மூடியைத் திருகும் மறைக்கு மேல் மின்சாரம் கடத்தாத பூச்சு இருக்கும், மூடி இறுகினால்தான் மின்சுற்று முழுமையாகும். அப்படித் தளர்த்தியும் எரிந்தால் மறையில் அந்தப் பூச்சு இல்லை என்று அர்த்தம். பக்கவாட்டு ஸ்விட்ச் உள்ள சிலவற்றில் நான்கு முறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். உங்களுடையதில் எத்தனை முறை என்று கையேட்டில் இருக்கும். அடுத்த முறை வாங்கும்போது ஸ்விட்ச் உடம்பின் மட்டத்துக்குள் அமுங்கியிருப்பதாகவும், கிளிப் உள்ளதாகவும் பாருங்கள். பையின் விளிம்பில் கிளிப்பை மாட்டினால் டார்ச் ஒரே இடத்தில் நிற்கும், சாவியும் பேனாவும் ஸ்விட்சை அழுத்தாது. கிளிப் திருகி மாட்டியதாக இருந்தால் நல்லது, சும்மா கவ்விப் பிடிக்கும் கிளிப் சில மாதத்தில் தளர்ந்து கழன்றுவிடுகிறது.