கருந்துளை படிக்கப் போகிறாளாம், அப்புறம் வேலை?

கருந்துளை ஆராய்ச்சிதான் படிப்பேன் என்று மகள் சொல்கிறாள், வயிற்றைக் கலக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா, கலக்கத்தான் செய்யும். கண்ணுக்கே தெரியாத ஒன்றைப் படித்து யாருக்கு என்ன லாபம் என்கிறீர்கள்.

ஒளிகூடத் தப்ப முடியாத அளவுக்கு ஈர்ப்பு உள்ள இடம் அது. ஈர்ப்பை விளக்கும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலும் அணுவுக்குள் நடப்பதை விளக்கும் குவாண்டம் இயற்பியலும் அங்கேதான் முட்டிக்கொள்கின்றன, அதனால்தான் இவ்வளவு பேர் அதைக் குடைகிறார்கள். ஆனால் அவர்கள் தினமும் செய்வது என்ன என்று பாருங்கள். 2019இல் வெளியான முதல் கருந்துளைப் படத்துக்காக 2017இலேயே எட்டு ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் பார்த்தன. இணையத்தில் அனுப்ப முடியாத அளவு டேட்டா, ஹார்ட் டிஸ்க்குகளை விமானத்தில் ஏற்றினார்கள், தென்துருவத்து டிஸ்க்குகள் அங்கே குளிர்காலம் முடியும்வரை கிடந்தன. அதன்பிறகு இரைச்சலிலிருந்து சிக்னலைப் பிரிக்கும் வேலை. அதில் பங்கெடுத்த கேட்டி பௌமன் கணினித் துறையிலிருந்து வந்தவர்.

லாபம் சில சமயம் கேட்காத இடத்திலிருந்தும் வரும். சின்னக் கருந்துளைகள் வெடிக்கும் என்று இயற்பியலாளர் ஹாக்கிங் சொன்னதை நம்பி, 1970களில் ஜான் ஓ'சல்லிவன் என்ற ஆஸ்திரேலியப் பொறியாளர் அந்த வெடிப்பிலிருந்து வரக்கூடிய ரேடியோ துடிப்பைத் தேடினார். கிடைக்கவில்லை! கலங்கிப்போன சிக்னலைத் தெளிவாக்க அப்போது கையாண்ட கணக்குதான் 1990களில் அவர் குழு வைஃபையை வேகமாக்க உதவியது.

சரி, கசப்பான பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டம் எல்லாம் முடித்த பிறகும் இரண்டு மூன்று வருட ஒப்பந்த வேலைகளில் ஊர் ஊராக, சில சமயம் நாடு நாடாக அலைய வேண்டியிருக்கும், நிரந்தர இடங்கள் குறைவு, நிறையப் பேர் நடுவிலேயே மென்பொருள், டேட்டா, நிதித் துறைகளுக்குப் போய்விடுகிறார்கள். நான் இதைத் தோல்வியாகப் பார்ப்பதில்லை.

அதனால் இப்போதே கருந்துளையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். இயற்பியலோ கணிதமோ எடுக்கட்டும், கூடவே பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் புள்ளியியலும். லேசர், எலக்ட்ரானிக்ஸ் பிடித்தால் பொறியியலும் சரிதான். கருந்துளைகள் மோதும்போது எழும் ஈர்ப்பு அலைகளை லேசரால் பிடிக்கும் லைகோ என்ற கருவியின் 4 கிலோமீட்டர் கைகள் புரோட்டான் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அசைவை அளக்கின்றன, அந்தக் கருவியைக் கட்டியதில் பாதிக்குமேல் பொறியாளர் வேலைதான் என்பேன்.

அவளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: விடை வராத ஒரு கணக்கோடு இரண்டு நாள் உட்கார்ந்திருக்கப் பிடிக்குமா, அல்லது வீடியோ பார்க்க மட்டும் பிடிக்குமா? பதில் எதுவானாலும் திட்டாமல் என்னிடம் அழைத்து வாருங்கள்.